காலஞ்சென்ற பாவாடையின் குடிப்பழக்கம்

பாண்டிச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் குழாய் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் வாயிற்காவலராகிய பாவாடை, சித்திரை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், காலை ஆறு மணிக்கும் ஆறேகாலுக்கும் இடையில், நாற்காலியில் அமர்ந்தவாறே இறந்தார். அவருடைய இரவுப் பணி ஆறு மணியோடு முடிந்துவிட்டது. ஆகையால் அவர் நிருவாகத்தின் நேரத்தில் இறக்கவில்லை, தம் சொந்த நேரத்திலேயே இறந்தார் என்பதைத் தொழிற்சாலை மேலாளர் அன்று முற்பகலுக்குள் எழுத்து மூலம் தெளிவுபடுத்தினார்.

தனித்திருக்கும்போது இறப்பவர் எவராயினும் அவருடைய இறப்பு ஐயத்திற்குரியது ஆகும். அந்த ஐயத்தைக் களைவதற்குக் காவல் நிலையத்தார் உண்டு, மருத்துவர் உண்டு, இவ்விருவருக்கும் முன்பாகப் பஞ்சாயத்தார் உண்டு. பஞ்சாயத்தார் என்போர், இறப்பு நிகழ்ந்த பகுதியில் வாழும் மதிப்பிற்குரிய ஐவர் ஆவர். அவர்கள் உடலைக் கண்ணாரக் கண்டு, தமக்குள் கலந்து பேசி, இன்ன காரணத்தால் இவர் இறந்தார் என்று ஒருமித்த கருத்துத் தெரிவித்தல் வேண்டும். ஒவ்வோர் இறப்புக்கும் மதிப்பிற்குரிய ஐவரைத் தேடி அலைவது காவலர்க்குக் கடினமான செயல். எனவே பிணவறைக்கு எதிரேயுள்ள தேநீர்க்கடையில் மதிப்பிற்குரிய ஐவர் நிலையாகவே அமர்ந்திருந்தனர். எந்த ஊரில் எவர் இறந்தாலும் அந்த ஊரினராக அவர்கள் மாறிவிடுவர். ஒருமுறை ஒரே காலைப்பொழுதில் மூன்று வெவ்வேறு ஊர்களின் பெரியோர்களாக அவர்கள் விளங்கியதும் உண்டு.

அந்த வியாழக்கிழமையன்று ஐவருள் ஒருவர், தம் மைத்துனியின் வளைகாப்புக்காகக் கடலூர் சென்றிருந்தார். எஞ்சிய நால்வருள் இருவர் அந்நேரத்திற்கே மது அருந்தியிருந்தனர். ஆகையால் மதுபோதை பற்றிக் கருத்துரைக்கும் தகுதி அவர்களுக்குக் கூடுதலாகவே இருந்தது. எண்ணிக்கைதான் ஒன்று குறைந்தது.

காவல் நிலையத்தில் எழுத்துப் பணி பார்ப்பவரை ரைட்டர் என்பர். ரைட்டர் இராமதாஸ் கையில் தாள்களோடு சுற்றுமுற்றும் பார்த்தார். வேப்பமரத்தடியில், துண்டால் வாயைப் பொத்தியவாறு, ஐம்பத்திரண்டு வயதுடைய ஒருவர் குந்தியிருந்தார். மூடப்பட்ட பஞ்சாலையில் ஒருகாலத்தில் நூல் சுற்றியவரும், இப்போது சுமைவண்டி ஓட்டுபவருமாகிய அவர் பெயர் மண்ணாங்கட்டி.

"யோவ், நீ செத்தவருக்கு இன்னா வேணும்?"

"தம்பிங்க. கூடப் பொறந்தவரு."

"ஊரு?"

"மூலக்குளங்க."

"அப்ப உள்ளூர்க்காரன்தான். மரியாதப்பட்ட ஆளா நீ?"

மண்ணாங்கட்டியிடம் இவ்வினாவை இதுகாறும் எவரும் கேட்டதில்லை. அவர் தலையை ஒருவாறு ஆட்டினார்.

"இங்க ஒண்ணு போடு. பன்னெண்டு மணிக்குள்ள பேப்பர் உள்ள போவலன்னா டாக்டர் பூடுவாரு. அப்புறம் நாளைக்கித்தான் உடம்பு. வூட்ல பொம்பளைங்க காத்துக்கினு இருப்பாங்க இல்ல?"

வீட்டில் அண்ணி காத்துக்கொண்டிருந்தார். மண்ணாங்கட்டி கையெழுத்திட்டார். மதிப்பிற்குரியவர் என்னும் முறையில் இடும் முதற் கையெழுத்து ஆதலால், கீழே வழக்கமாக இடும் கோட்டோடு இரண்டு புள்ளிகளும் சேர்த்தார். மேலே என்ன எழுதியிருந்தது என்பதை அவர் பார்க்கவில்லை. உடல் ஒன்றரை மணிக்குக் கிடைத்தது. மாலையில் தகனம் நிறைவேறியது.

இங்கே பெயர்களைப் பற்றி ஒரு சொல். இவ்விருவருக்கும் முன்னே பிறந்த இரண்டு குழந்தைகள் தொட்டிலிலேயே போயின. ஆதலால் அவர்களின் தாய், மூன்றாம் பிள்ளையைப் பாவாடைராயன் சாமிக்கு நேர்ந்துவிட்டு அச்சாமியின் பெயரையே வைத்தாள். நான்காம் பிள்ளையை எமன் ஒரு பொருட்டாகக் கருதக்கூடாது என்று மண்ணாங்கட்டி என அழைத்தாள். எமனைப் பொறுத்தவரை அந்த ஏற்பாடு ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நன்றாகவே வேலை செய்தது. அரசு அலுவலகங்களைப் பற்றி அந்தத் தாய் எண்ணிப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

ஒன்பதாம் நாள் அறிக்கையின் நகல் வந்தது. முதல் தாளை மண்ணாங்கட்டி அண்ணியிடம் கொடுத்தார். அண்ணி அஞ்சலாட்சிக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியாது. பழுது பார்ப்பதற்காகக் கணவர் கொண்டுசென்ற அந்தக் கண்ணாடி, அவருடைய சட்டைப்பையோடு பிணவறையில் எங்கோ தங்கிவிட்டது. எனவே கல்லூரியில் பயிலும் அடுத்த வீட்டுத் துர்கா வாசித்தாள்.

"பதினேழாவது கட்டம். பஞ்சாயத்தார் கருத்து. மேற்படி இறந்தவர் நாள்தோறும் அளவுக்கு மீறி மது அருந்தும் பழக்கமுடையவர் என்பதும், சம்பவ நாளன்றும் அவ்வாறே மது அருந்தித் தன்னிலை மறந்து..."

துர்கா நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். அடுப்படியில் கொதித்துக்கொண்டிருந்ததை இறக்கி வைத்துவிட்டு வந்தார் அஞ்சலாட்சி.

"இன்னொரு தபா படி."

துர்கா இன்னொரு முறை படித்தாள்.

அஞ்சலாட்சியின் தகப்பனார் வில்லியனூர்ச் சாலையோரத்துக் கால்வாயில் வாரத்திற்கு இருமுறை கிடந்தவர். அவரைத் தூக்கி வருவது, பத்து வயது முதல் அஞ்சலாட்சியின் பொறுப்பு. பெண் பார்க்க வந்த பாவாடையிடம் அஞ்சலாட்சி ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார். பாவாடை, "தொடமாட்டேன்" என்றார். அதன்பின் முப்பத்தோர் ஆண்டுகள் அவர் தொடவில்லை. பாண்டிச்சேரியில் வாழ்ந்துகொண்டு முப்பத்தோர் ஆண்டுகள் தொடாமலிருப்பது எத்தகைய செயல் என்பதை, வெளியூரிலிருந்து பேருந்து பிடித்து இங்கு வருவோர் நன்கு அறிவர்.

"எங்கப்பனைச் சொல்லியிருந்தா ஒத்துக்கினு இருப்பேன்," என்றார் அஞ்சலாட்சி. "இவரைச் சொல்றதுக்கு எவனுக்கு வாய் வந்துச்சு? கீழ எவன் கையெழுத்து போட்டிருக்கான், பாரு துர்கா."

"இதுல இல்ல அத்தை. அடுத்த பேப்பர்ல இருக்கும்."

அடுத்த தாள் மண்ணாங்கட்டியின் சட்டைப்பையில் எட்டாக மடிக்கப்பட்டு இருந்தது. சற்று முன்னர்த் தெருமுனையில் நின்று அதனைப் பார்த்திருந்தார். கோடும் புள்ளிகளும் மிகத் தெளிவாகப் பதிவாகியிருந்தன.

"ஒரு தாள்தான் குடுத்தாங்க அண்ணி," என்றார்.

"சரி. இதை மாத்திக் கொண்டாங்க தம்பி. குடிகாரன்னு எழுதி வெச்சிக்கினு அவருக்கு நான் கருமாதி பண்ணமாட்டேன். மாத்தினப்புறம்தான் பதினாறு."

பதினாறாம் நாளுக்கு ஏழு நாள்கள் இருந்தன.

காவல் நிலையத்தில் ரைட்டர் இராமதாஸ் அவரை அன்போடு வரவேற்றார். பஞ்சாயத்தார் எவராயினும் அவருக்கு அங்கே ஒரு முக்காலி உண்டு.

"அண்ணன் குடிக்கமாட்டாருங்க ஐயா."

"எல்லாத் தம்பியும் அதைத்தான்யா சொல்றான்."

"நீலக் கைலி கட்டியிருந்தாருன்னு வேற போட்டிருக்கு. அவரு டூட்டி யூனிபாரத்துல இல்ல இருந்தாரு?"

இராமதாஸ் கதவைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். அவர் குரலில் ஒரு கைவினைஞரின் பெருமிதம் இருந்தது.

"அது ஒரு பைலுய்யா. எட்டு வருசத்துக்கு மின்ன, நோணாங்குப்பம் போட் ஹவுஸ் பக்கம் ஒருத்தர் குடிச்சிட்டுத் தண்ணில வுழுந்து செத்தாரு. நீலக் கைலி. அப்ப இருந்த ஐயா ரெண்டு நாளு ஒக்காந்து, ஒரு ஓட்டை இல்லாம எழுதின ரிப்போர்ட்டு. கோர்ட்டுல வெச்சு மெச்சிக்கினாங்க. அவ்ளோ நல்ல ரிப்போர்ட்டை எதுக்கு வுடணும்? பேரை மட்டும் மாத்தி மாத்திப் போடறோம்."

"அப்ப எல்லாரும் குடிச்சவங்களா?"

"உங்க அண்ணனுக்குத் தண்ணில வுழுந்ததை எடுத்துட்டேன் பாத்தியா? நானே ஒக்காந்து எடுத்தேன். கண்ணை மூடிக்கினு வேலை செய்யறவன் இல்ல நானு."

இவ்வாறு நோணாங்குப்பத்து மனிதர் ஒருவரின் ஒருநாள் குடி, எட்டு ஆண்டுகளில் நாற்பத்து மூவருக்குச் சென்று சேர்ந்திருந்தது. அவர்களுள் எண்பத்து நான்கு வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்த ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவரும் இருந்தார். அவரும் ஏட்டின்படி நீலக் கைலியே அணிந்திருந்தார்.

"டாக்டர் அறுத்துப் பாத்தாரே, அவரு இன்னா சொன்னாரு?"

"மாரடைப்பு மாதிரி தெரியுதுன்னாரு. உறுதியா சொல்ல உள்ளுறுப்பைக் கெமிக்கல் டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்காரு. இப்பத்தான் அங்க நாலு வருசத்துக்கு முந்தின ஜாடி ஓடுது. உங்க அண்ணன் ஜாடி வர்ற வரைக்கும் பஞ்சாயத்தார் சொன்னதுதான் கணக்கு. நீங்க அஞ்சு பேரும் ஒருமனசா சொல்லியிருக்கீங்க. அதை மாத்த நான் யாரு?"

மாற்றும் அதிகாரம் இறப்பு விவரத் திருத்தப் பிரிவுக்கே உண்டு என்று அவர் வழிகாட்டினார்.

அப்பிரிவு, கடற்கரைக்கு அருகில், பிரெஞ்சியர் காலத்து மஞ்சள் கட்டடம் ஒன்றின் மாடியில் இயங்கியது. அதன் கண்காணிப்பாளர் விஜயராகவன், மேசைமீது ஒரு கோப்பும் ஒரு கைவிசிறியும் மட்டும் வைத்திருக்கும் ஒழுங்குடையவர்.

"இன்சூரன்ஸா?"

"இல்லீங்க."

"பேக்டரில ஏதாவது தர்றாங்களா?"

"இல்லீங்க."

"வாரிசு வேலை?"

"இல்லீங்க. அண்ணி மாத்தச் சொன்னாங்க."

"அப்புறம் எதுக்குய்யா மாத்தணும்?"

"அவரு குடிக்கமாட்டாருங்க. அதனாலதான்."

விஜயராகவன் விசிறியைக் கீழே வைத்தார். இருபத்தாறு ஆண்டுக்காலப் பணியில் இப்படியொரு காரணம் அவர் முன் வந்ததில்லை. உண்மை என்பதற்காகவே ஒன்றைத் திருத்தக் கோருவதற்கு விதிகளில் இடமிருக்கிறதா என்று அவர் சற்று நேரம் எண்ணிப் பார்த்தார்.

"இத பாருங்க. குடிக்கிறவன்னா ஆதாரம் இருக்கும். பாட்டில் இருக்கும், நாத்தம் இருக்கும், நாலு பேரோட சண்டை இருக்கும். குடிக்காதவனுக்கு இன்னா ஆதாரம் இருக்கு? ஒண்ணும் கெடையாது. ஆதாரமே இல்லாத ஒரு விசயத்தை கவர்மெண்டு எப்படி நம்பும்?"

விஜயராகவன் விசிறியை மீண்டும் எடுத்துக்கொண்டார்.

"பிரெஞ்சுக்காரன் காலத்துல இன்னா பண்ணான்? ரெண்டு சாட்சி நேரா மேரிக்குப் போயி, இன்னார் செத்துட்டாருன்னு சொன்னா ஒரு நோட்டுல எழுதிக்குவான். முடிஞ்சுது. அவனுக்கு வெவரம் பத்தல. நம்ம அஞ்சு பேர் ஆக்கினோம், பதினேழு கட்டம் போட்டோம். இன்னிக்கி இந்தப் பாண்டிச்சேரில ஒருத்தன் சும்மா சாக முடியாது. நான் இந்த சீட்ல ஒக்காந்து இருபத்தாறு வருசம் ஆச்சு. செத்தவங்க ஒருத்தராவது வந்து எங்க மேல குறை சொன்னது உண்டா? கேட்டுப் பாருங்க."

மேரி என்று அவர் குறிப்பிட்டது பழைய நகராட்சி மாளிகையை. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் சிறிது பொறாமை இருந்ததாக மண்ணாங்கட்டிக்குத் தோன்றியது.

வெளி அறையில் எழுத்தர் நிர்மலாதேவி 'மது அருந்தாமைச் சான்று' கோரும் விண்ணப்பத்தை அவரிடம் கொடுத்தார். மது அருந்தாத நபரே நேரில் வந்து விண்ணப்பித்தல் வேண்டும் என்று அதில் இருந்தது.

"அவரு எப்படி மேடம் வருவாரு?"

"வரலன்னா காரணம் போடணும். வெளியூர், உடல்நலக்குறைவு, இதர. மூணுல எது?"

"செத்துப்போயிட்டாரு மேடம்."

"அது கட்டத்துல இல்லியே." நிர்மலாதேவி இரக்கமுள்ளவர். பேனாவை அவரே வாங்கி 'உடல்நலக்குறைவு' என்பதில் குறியிட்டார். "இதுக்கு யாரும் கேள்வி கேக்கமாட்டாங்க. இப்ப பின்னாடி பாருங்க. வூட்லேர்ந்து மூணு கிலோமீட்டருக்குள்ள இருக்கற எல்லாப் பிராந்திக் கடையிலயும், சாராயக் கடையிலயும் 'இவர் எங்களிடம் வாங்கியதில்லை'ன்னு எழுதி வாங்கிக்கினு வரணும். லிஸ்ட் தர்றேன். நாப்பத்தோரு கடை."

வேறோர் ஊராயின் இந்த ஏற்பாடு ஒரு முற்பகலில் முடிந்திருக்கும்.

மண்ணாங்கட்டி சுமைவண்டியை எடுத்துக்கொண்டு, அண்ணனின் அடையாள அட்டைப் படத்தைக் கையிலேந்திக் கடை கடையாகச் சென்றார். முதல் கடைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, "கடன் வெச்சிட்டுப் போயிட்டாரா?" என்று கேட்டார். இல்லை, வாங்கவே இல்லை என்று எழுதித் தரவேண்டும் என்றதும் அவர் முகம் மாறியது.

"யோவ், எங்க கடைக்கு வராதவன் ஒருத்தன் இந்த ஏரியாவுல இருந்தான்னு நாங்களே எழுதித் தர்றதா? முதலாளி பாத்தா என்னைத் தூக்கிடுவாரு."

மூன்றாம் கடையில் எழுதித் தர இசைந்தார்கள். ஆனால் கடையின் முத்திரையில் 'நன்றி, மீண்டும் வருக' என்றிருந்தது. அதையே குத்தித் தந்தார்கள். ஒன்பதாம் கடையில் வரிசையில் நிற்கச் சொன்னார்கள். வரிசையில் நின்றவர்களில் மூவர் படத்தை அடையாளம் கண்டனர்.

"இது நம்ம வாட்ச்மேனு பாவாடை இல்ல? நாலஞ்சு தபா என்னை வண்டில வெச்சிக் கொண்டாந்து வூட்ல தள்ளினாரே. எங்க, ஆளையே காணோம்?"

"செத்துட்டாரு."

"அடப்பாவமே. குடிக்காத மனுசன் ஆச்சே," என்று சொல்லி அவர்களுள் ஒருவர் அங்கேயே தேம்பினார். அவருடைய சாட்சியத்தை எழுதி வாங்கலாமா என்று மண்ணாங்கட்டி எண்ணினார். ஆனால் மது அருந்திய நிலையில் உள்ளவரின் சாட்சியம் செல்லாது என்பது பட்டியலின் அடிக்குறிப்பில் அச்சாகியிருந்தது. அந்த அடிக்குறிப்பு பஞ்சாயத்தாரைப் பற்றி ஒன்றும் கூறவில்லை.

மறுத்தவர்களிடம் மீண்டும் மீண்டும் சென்று கெஞ்சி, ஐந்து நாள்களில் அவர் நாற்பது கடைகளை முடித்தார். இக்காலத்தில் மூலக்குளத்தில் வேறொரு செய்தி பரவியது. அண்ணன் போன துயரத்தில் மண்ணாங்கட்டி ஒரு கடை விடாமல் ஏறி இறங்குகிறார் என்று மக்கள் பேசிக்கொண்டனர். அவர் மனைவி அவரோடு பேசுவதை நிறுத்தினார்.

நாற்பத்தோராம் கடையில் முதலாளியே அமர்ந்திருந்தார். கலைவாணன் என்னும் அவர் கழுத்தில் துளசிமணி அணிந்த நேர்மையாளர். அவர் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"வாங்கினதே இல்லன்னு பொய் எழுத மாட்டேன் அண்ணே. வருசா வருசம் ஆடி மாசம் மூணாவது வெள்ளிக்கு வருவாரு. ஒரு குவாட்டர். பேப்பர்ல சுத்தி, கை படாம பைல போடச் சொல்லுவாரு. போறதுக்கு மின்ன கையைக் கழுவிக்குவாரு."

மண்ணாங்கட்டிக்கு நினைவு வந்தது. அது பாவாடைராயனுக்குரிய படையல். சுருட்டு ஒரு கட்டு, கருவாட்டுக் குழம்பு, ஒரு குவாட்டர். அந்தச் சாமிக்கு அவை இல்லாமல் ஆடி இல்லை.

"அதை அப்படியே எழுதிக் குடுங்க," என்றார்.

கலைவாணன் அப்படியே எழுதிக் கொடுத்தார்.

பதினைந்தாம் நாள் விசாரணை. அஞ்சலாட்சியும் வந்தார். வெள்ளைச் சேலை உடுத்தமாட்டேன் என்று அவர் முன்பே அறிவித்துவிட்டபடியால் கத்தரிப்பூ நிறச் சேலையில் வந்திருந்தார். விஜயராகவன் நாற்பது தாள்களை விரைவாகவும் நாற்பத்தொன்றாம் தாளை மெதுவாகவும் புரட்டினார்.

"ஆக, வாங்கியிருக்காரு."

"சாமிக்குங்க."

"சரி. குடிச்சது யாரு?"

"சாமிதாங்க."

"சாமி வாங்கிக்கிட்டதுக்கு ஒப்புகை இருக்கா?"

மண்ணாங்கட்டி அண்ணியைப் பார்த்தார். அஞ்சலாட்சி பேசினார்.

"இன்னா சார் கேள்வி இது? சாமி கல்லு மேல வெள்ளிக்கிழமை ஊத்தினா, சனிக்கிழமை தரை காய்ஞ்சி இருக்கும். அதான் ஒப்புகை. உங்க வூட்ல கொழுக்கட்டை வெச்சா புள்ளையார் கையெழுத்து போட்டா தர்றாரு?"

நிர்மலாதேவி கோப்பினால் வாயை மறைத்துக்கொண்டார். விஜயராகவன் சினம் கொள்ளவில்லை. விதிகளை நன்கறிந்தவர் சினம் கொள்வதில்லை.

"அம்மா, உங்க வருத்தம் புரியுது. ஆனா நான் உங்களை நம்பினா ஆபீஸ் எதுக்கு? இந்தப் பக்கம் உங்க பேச்சு. அந்தப் பக்கம் மரியாதப்பட்ட அஞ்சு பேரு உடம்பை நேர்ல பாத்து, ஒருமனசா எழுதிக் குடுத்தது. அதுலயும் பாருங்க, ஒருத்தர் சொந்தத் தம்பியே..."

அவர் இரண்டாம் தாளைத் திருப்பிக் காட்டினார். ஐந்தாம் கையெழுத்தின் கீழே ஒரு கோடும் இரண்டு புள்ளிகளும் இருந்தன.

அஞ்சலாட்சி கையெழுத்தைப் பார்த்தார். பிறகு மண்ணாங்கட்டியைப் பார்த்தார். கண்ணாடி இல்லாவிடினும் அந்தக் கோடு அவருக்குத் தெரிந்தது. பால் கணக்கு அட்டையிலும், பிள்ளைகளின் மதிப்பெண் அட்டையிலும், எல்லாவற்றிலும் மண்ணாங்கட்டி அப்படித்தான் கோடு போடுவார்.

"உடம்பு சீக்கிரம் கெடைக்கும்னு சொன்னாங்க அண்ணி," என்றார் மண்ணாங்கட்டி. "நீங்க காத்துக்கினு இருப்பீங்கன்னு... நான் படிக்கலை."

மண்ணாங்கட்டி விஜயராகவன் பக்கம் திரும்பினார். அவர் வாழ்நாளில் ஓர் அதிகாரியை நோக்கிக் குரலை உயர்த்தியது அந்த ஒரு முறைதான். அதுவும் அதிகம் உயரவில்லை.

"நான் போட்டது தப்பு சார். என் கையெழுத்தை எடுத்துடுங்க. எங்க அண்ணன் குடிச்சதை நான் பாக்கல. யாரும் பாக்கல."

விஜயராகவனின் முகத்தில் முதன்முறையாக ஒளி தோன்றியது. அவர் விதிநூலை வரவழைத்தார். பக்கத்தைத் தேடாமலே திறந்தார்.

"எடுக்கலாம். தாராளமா எடுக்கலாம். ஆனா எடுத்தா நாலு பேருதான். நாலு பேர் சொன்னா பஞ்சாயத்து செல்லாது. பஞ்சாயத்து செல்லலன்னா ரிப்போர்ட்டு செல்லாது. ரிப்போர்ட்டு செல்லலன்னா அதை வெச்சிக் குடுத்த இறப்புச் சான்றிதழ் ரத்து. புதுசா அஞ்சு பேரு உடம்பைப் பாத்து எழுதணும். உடம்பு இருக்கா?"

"எரிச்சாச்சுங்களே."

"பாத்தீங்களா? அதனால அவர் இறக்காதவர்னு ஆயிடும். ரெண்டுல எது வேணும்னு நீங்களே சொல்லுங்கம்மா. குடிச்சிட்டு செத்தவரா, இல்ல, சாகாதவரா? குடிக்காம செத்தவர்னு ஒரு கட்டம் எங்ககிட்ட கெடையாது."

"சாகலன்னு ஆயிட்டா," என்றார் நிர்மலாதேவி தாழ்ந்த குரலில், "விதவை பென்ஷன் வராதும்மா. அதையும் யோசிச்சிக்குங்க."

அஞ்சலாட்சி சன்னலுக்கு வெளியே பார்த்தார். சன்னலுக்கு வெளியே, சுற்றுலாப் பயணிகள் இருவர் மஞ்சள் சுவரின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தனர். அவர் அவர்களைப் பார்க்கவில்லை.

"முப்பத்தோரு வருசம்," என்றார். "சம்பள நாளைக்கி சாயங்காலம் நான் வாசல்ல நிப்பேன். எங்கப்பனுக்கு நின்ன பழக்கம். இவரு சைக்கிளை நிறுத்திட்டு, மொதல்ல கிட்ட வந்து ஊதிக் காட்டிட்டுத்தான் வூட்டுக்குள்ள போவாரு. நான் கேக்கறதுக்கு மின்னயே. முப்பத்தோரு வருசம் ஊதினாரு."

விஜயராகவன் இதை எந்தக் கலத்தில் குறிப்பது என்று பார்த்தார். அதற்குக் கலம் இல்லை.

"சாகலன்னே எழுதுங்க சார். குடிகாரன்னு செத்ததைவிட அவரு சும்மா உசுரோடவே இருக்கட்டும்."

நிர்மலாதேவி, கையெழுத்தைத் திரும்பப் பெறும் தாளைத் தட்டச்சு செய்து கொண்டுவந்தார். மண்ணாங்கட்டி பேனாவைத் திறந்தார். அவர் கை தாளைத் தொடும் முன் அஞ்சலாட்சி அதன்மேல் தம் கையை வைத்தார்.

"இந்தத் தபா படிச்சிட்டுப் போடுங்க தம்பி. சத்தமா."

மண்ணாங்கட்டி எழுத்தெழுத்தாகப் படித்தார். மேற்படி என்பதையும், கீழ்க்காணும் என்பதையும், பொருள் விளங்காத இடங்களையும் விடவில்லை. இருபத்தைந்து நிமிடங்கள் ஆயின. உணவு இடைவேளை தொடங்கிற்று. ஒரு குடிமகன் கையெழுத்திடும் தாளை முழுதும் படிப்பதை அப்பிரிவு முன்னெப்போதும் கண்டதில்லை. இதைத் தடுக்க ஏதேனும் விதி உண்டா என்று விஜயராகவன் நூலைப் புரட்டிக்கொண்டிருந்தார். முடிவில் மண்ணாங்கட்டி கோடு இல்லாமல், புள்ளி இல்லாமல், பெயரை மட்டும் எழுதினார்.

மறுநாள் பாவாடைக்கு முறைப்படி கருமாதி நடந்தது. ஏட்டின்படி உயிருடன் இருந்தமையால் அழைப்பிதழ் அடிக்கவில்லை. மற்றபடி ஒரு குறையும் இல்லை. பாயசம் நன்றாக இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள். ஒன்பதாம் கடை வரிசையில் நின்று தேம்பியவர், அன்று மட்டும் குடிக்காமல் வந்து, பந்தியில் கடைசியாக அமர்ந்து உண்டு சென்றார்.

நான்கு மாதங்கள் கழித்து, வீடு வீடாக நலக் கணக்கெடுக்கும் கவிநிலா என்னும் இளம்பெண், கைக்கணினியோடு அஞ்சலாட்சியின் வாயிலில் வந்து நின்றாள். மண்ணாங்கட்டியும் அப்போது அங்கே இருந்தார். புதிய கண்ணாடி அணிந்து அஞ்சலாட்சி நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார்.

"குடும்பத் தலைவர் பாவாடை, அறுபது வயசு. இருக்காரு இல்லம்மா?"

"உங்க ஆபீசுல இருக்காருன்னுதானே போட்டிருக்கு?"

"ஆமாம்மா, இருக்காருன்னு வருது. சுகர்?"

"இல்ல."

"பிரஷர்?"

"இல்ல. இப்ப ஒண்ணும் இல்ல."

"மது அருந்தும் பழக்கம்?"

அஞ்சலாட்சி நாளிதழை மடித்துக் கீழே வைத்தார்.

"இல்ல," என்றார். "போடும்மா. நல்லா அழுத்திப் போடு."

கவிநிலா 'இல்லை' என்பதைத் தொட்டாள். அஞ்சலாட்சிக்குப் பின்னே சுவரில் மாலையிட்ட படம் ஒன்று மாட்டியிருந்தது. நிமிர்ந்தபோது அதனை அவள் பார்த்தாள். பிறகு கணினியைப் பார்த்தாள். கணினியில் மாலைக்குக் கலம் இல்லாமையால் அடுத்த வினாவுக்குச் சென்றாள்.

"இப்ப எங்க இருக்காரும்மா?"

"டூட்டிக்குப் போயிருக்காரு."

"சரிம்மா. அவ்ளோதான்."

"பாப்பா, அந்தக் குடிக்கமாட்டாருன்னு போட்டியே, அந்தப் பக்கத்தை ஒரு பேப்பர்ல எடுத்துத் தர முடியுமா? கவர்மெண்டு சீலு இருக்கற மாதிரி."

"தரலாம்மா. எதுக்கு, இன்சூரன்ஸுக்கா?"

"இல்ல," என்றார் அஞ்சலாட்சி. "தம்பி, அந்தப் படத்துக்குப் பக்கத்துல ஒரு ஆணி அடிங்க."

மண்ணாங்கட்டி சுத்தியல் எடுக்க உள்ளே சென்றார்.